இறங்கும்போது ஊட்டிய கூழ்

எனக்கு முதல் சோறு ஊட்டிய புகைப்படத்தில் அப்பாவின் இடது காதில் பஞ்சு இருக்கிறது.

படத்தின் பின்புறம் ஸ்டுடியோக்காரர் தேதி எழுதவில்லை. அப்பா ஒரு நாளைச் சொல்வார். அம்மா இருந்தவரை வேறொரு நாளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவள். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் தளத்தில் கட்டியது என்று சரிபார்த்தே பழகிவிட்டேன். எங்கள் கடற்கரையைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்து, எது எதற்கு முன்னால் நடந்தது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அந்தப் படத்தின் தேதியை நான் பஞ்சை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அப்பாவின் காது உடைந்தது சாம்பல் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம் தொடங்கிவிடும், எங்கள் வீடுகளில் விசேஷம் வைக்க மாட்டார்கள். ஆகவே எனக்குச் சோறு ஊட்டியது இடைப்பட்ட செவ்வாய்க்கிழமை. காதில் பஞ்சோடு, முந்திய நாள் கடலில் பட்ட வலியோடு, அப்பா என் வாயருகே விரலைக் கொண்டுவருகிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா சங்கு குளிக்கப் போனவர். அன்று மூக்கில் சளியோடு முங்கியிருக்கிறார். கீழே போகப் போகத் தண்ணீர் காதை அமுக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் காது திறக்கும் என்பார். சளி இருந்தால் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. "காதுக்குள்ள கொதிக்கிற தண்ணிய ஊத்தின மாதிரி இருந்துது. பொறவு ஒண்ணுமே இல்ல. வலியும் இல்ல, சத்தமும் இல்ல." இதைச் சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் முதலில் காதைத்தான் பார்ப்பார்கள்.

போன வருஷம் எங்கள் மாதா கோவிலில் கொடி ஏறுவதற்கு முந்திய வாரம், ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்த மகனைத் தூக்கிக்கொண்டு நான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டேன். என் கணவருக்கு சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் வேலை. மகனை அதுவரை கைப்பேசித் திரையில்தான் பார்த்திருந்தார். டிக்கெட் எடுத்து, விசா வந்து, எல்லாம் சரியாக இருந்தது. புறப்படுவதற்கு முந்திய நாள் பிள்ளை தும்மினான்.

"சளி பிடிச்சிருக்கு," என்றார் அப்பா.

"லேசாத்தான்பா இருக்கு. டாக்டர் பாத்துட்டாங்க, போகலாம்னு சொல்லிட்டாங்க."

"டாக்டரு கடல்ல முங்கியிருக்காரா?"

"நாங்க பிளேன்லல்லா போறோம்."

"எல்லாம் ஒண்ணுதாம்ளா. மேல இருந்து கீழ இறங்குத. ஏறுறப்ப ஒண்ணும் செய்யாது. இறங்குறப்பத்தான் காது போவும்."

அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நான் அதைப் பற்றி ஏற்கெனவே வாசித்திருந்தேன். விமானம் தரையை நெருங்க நெருங்க உள்ளே காற்றின் அழுத்தம் கூடும். முங்குகிறவனுக்கு நடப்பதுதான் இறங்குகிற பிள்ளைக்கும் நடக்கும். முங்குகிறவனுக்கு மூக்கைப் பிடித்து ஊதத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் இறங்கும்போது எதையாவது விழுங்க வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பால் கொடுங்கள், முடியாவிட்டால் கொஞ்சம் கூழ் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது திறக்கும்.

அப்பா வேறொன்று சொன்னார். "வெறும் வயித்தோட கொண்டு போ. வயிறு நெறஞ்சவன் முங்க மாட்டான்." சங்கு குளிக்கப் போகிற காலைகளில் அவர் கடுங்காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் சொன்னதையும் அப்பா சொன்னதையும் சேர்த்து நானே ஒரு மூன்றாவது யோசனையை உண்டாக்கிக்கொண்டேன். இறங்குகிற நேரம்வரை பிள்ளையைப் பசியோடு வைத்திருக்க வேண்டும். பசித்த பிள்ளை ஆசையாக விழுங்குவான். அப்போது முழுக் கிண்ணத்தையும் ஊட்ட வேண்டும்.

கேப்பையை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து, அந்தப் பாலை வெயிலில் காயவைத்து எடுத்த மாவை, சுடுதண்ணீரில் கரைத்தால் கூழாகும்படி வறுத்து டப்பாவில் அடைத்தேன். அப்பா ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியைப் பொட்டலமாகக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஒரு வயசு வரைக்கும் இனிப்பு கூடாதுப்பா."

"இனிப்பு இல்லாத கூழ எவன் திம்பான்? உனக்கு இதத்தான குடுத்தோம், நீ கெட்டா போய்ட்ட?"

பொட்டலத்தைப் பையின் பக்கவாட்டில் செருகிவிட்டார். நான் எடுக்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போன சின்ன விமானத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலுக்குக் கீழே உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாகச் சாய்ந்தன, துறைமுகத்தின் அலைத்தடுப்பு நீண்டு வந்து மறைந்தது. சென்னையில் இறங்கும்போது பால் கொடுத்தேன், குடித்துக்கொண்டே தூங்கிவிட்டான். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அது குட்டைல்லா. இனிமேத்தான் ஆழம்," என்றார்.

சென்னை விமான நிலையத்தின் குளிரில் பிள்ளையின் சளி கெட்டியானது. லண்டன் விமானத்தில் ஏறி உட்கார்ந்தபோது அவனால் பால் குடிக்க முடியவில்லை. மூக்கு அடைத்திருந்ததால் வாயால்தான் மூச்சு விட்டான். மார்பில் வாயை வைத்ததும் மூச்சு முட்டி விலகி அழுதான். மூக்கில் சொட்டு மருந்து விட்டேன். கொஞ்சம் குடித்தான், மறுபடி அடைத்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பாலை நம்ப முடியாது. இனிக் கூழ் ஒன்றுதான்.

பக்கத்து இருக்கையில், எங்கள் மாவட்டத்து ஏரல் ஊர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகிறார், விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. என் பேச்சைக் கேட்டதும், "நம்ம பக்கமா? நல்லதாப் போச்சு, செத்தாலும் பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விமானம் ஏறும்போது "முருகா, முருகா" என்றவர் மேலே போனதும் விட்டுவிட்டார்.

பகல் விமானம். ஜன்னல்களை மூடி இருட்டாக்கியிருந்தார்கள். நடுவழியில் எனக்குச் சாப்பாடு வந்தது. பிள்ளை என் தட்டைப் பார்த்து மெல்வதுபோல் வாயை அசைத்தான். அவனுக்கு அதுதான் புதிதாக வந்திருந்த பழக்கம், யார் வாய் அசைந்தாலும் தானும் அசைப்பான். நான் இரண்டு கரண்டி தண்ணீர் மட்டும் கொடுத்தேன். அவன் கையை நீட்டினான்.

"ஏளா, என்ன பச்சப் பிள்ளையப் பட்டினி போடுத?" என்றார் ஏரல் அக்கா.

"இறங்குறப்ப குடுக்கணும்க்கா. அப்பத்தான் காது அடைக்காது."

"காதுக்குக் கூழா? எங்க ஊர்ல காதுக்கு எண்ணெதான் விடுவாங்க."

நான் அப்பாவின் காதைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் கொஞ்சம் எடுத்து வையி," என்றார். சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இருக்கைக்கு முன்னாலிருந்த திரையில் விமானத்தின் உயரம் ஓடிக்கொண்டிருந்தது. படம் பார்க்கவில்லை, தூங்கவில்லை, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையாமல் நின்றவரை எனக்கு மூச்சு சீராக இருந்தது.

இறங்கத் தொடங்குகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் டப்பாவை எடுத்தேன். சுடுதண்ணீர் கேட்க மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. ஏரல் அக்கா இருக்கையிலிருந்து எட்டி, அந்தப் பக்கமாகச் சீருடையில் வேகமாகப் போன வெள்ளைக்காரப் பையனைப் பார்த்து, "அண்ணாச்சி, கொஞ்சம் சுடுதண்ணி!" என்றார். அவன் என் கையிலிருந்த டப்பாவையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தான்.

கூழ் கரைத்தேன். மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தேன். பிள்ளை கரண்டியைக் கண்டதும் கால்களை உதைத்தான். முதல் வாய் விழுங்கினான். திரையில் எண் குறைந்தது. இரண்டாம் வாய். மறுபடி குறைந்தது. அவன் தொண்டை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் காது திறப்பதாக நினைத்துக்கொண்டேன். பயம் கொஞ்சம் விலகியது. எல்லாம் நான் கணக்குப் போட்டபடி நடக்கிறது என்று நம்பினேன்.

பிறகு எண் நின்றுவிட்டது.

விமானம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி அதே பக்கம் சாய்ந்தது. லண்டனில் நெரிசல், இறங்க முறை வரும்வரை சுற்றிக்கொண்டிருப்போம் என்று விமானி சொன்னார். எங்கள் துறைமுகத்தில் தளம் காலியாகாமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைத் தினமும் பார்ப்பவள் நான். வானத்திலும் அப்படி நிறுத்துவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கிண்ணத்தில் பாதிக் கூழ் இருந்தது. இப்போதே ஊட்டிவிட்டால் உண்மையாக இறங்கும்போது ஒன்றும் இருக்காது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

பிள்ளைக்கு அது புரியுமா? இத்தனை நேரம் காத்திருந்து கிடைத்த சாப்பாட்டைப் பாதியில் பிடுங்கிக்கொண்டேன். வாயைத் திறந்து காத்திருந்தான், கரண்டி வராததைக் கண்டு முகம் கோணி அழத் தொடங்கினான். அழ அழ மூக்கு இன்னும் அடைத்தது.

"குடுத்துத் தொலயேம்ளா," என்றார் அக்கா.

"கீழ இறங்கட்டும்க்கா."

"எப்ப இறங்கும்?"

அது எனக்கும் தெரியாது. விமானம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணவில்லை. எதையும் குறித்துக்கொள்ளும் எனக்கு அன்று எதையும் குறிக்கத் தோன்றவில்லை. கேப்பைக் கூழ் ஆற ஆற இறுகும் என்பதும் ஞாபகம் வரவில்லை.

வயிறு லேசாகி, திரையில் எண் சரசரவென்று விழத் தொடங்கியபோது பிள்ளை அலறிக்கொண்டிருந்தான். ஒரு கையால் வலது காதைப் பிடித்து இழுத்தான். அதைப் பார்த்ததும் நான் போட்டிருந்த கணக்கெல்லாம் போய்விட்டது. கொதிக்கிற தண்ணீர் என்று அப்பா சொன்னது இவன் காதுக்குள் நடக்கிறது என்று நினைத்தேன். கரண்டியில் கூழை அள்ளினேன். அது வழியவில்லை, கட்டியாக நின்றது. அலறும் வாயில் அப்படியே வைத்தேன். "முழுங்குப்பா, முழுங்கு, என் ராசால்லா, முழுங்கு." இன்னொரு கரண்டி.

அழுகை நின்றது.

விழுங்கிவிட்டான் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கண்கள் என்னையே பார்த்தன. நெஞ்சு ஏறவில்லை. சத்தம் இல்லை, இருமல் இல்லை, ஒன்றுமே இல்லை. உதடு நிறம் மாறியது.

என் இடுப்புப் பட்டையோடு அவனைக் கோத்திருந்த சின்னப் பட்டையைக் கழற்ற விரல் வரவில்லை. ஏரல் அக்கா குனிந்து கழற்றினார். தடுப்பூசி போடும் இடத்தில் தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்று நர்ஸ் ஒரு பொம்மையை வைத்துக் காட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கைதான் செய்தது. முன்கையில் அவனைக் குப்புறக் கிடத்தி, தாடையைப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையால் முதுகின் நடுவில் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. அடித்தேன். இவ்வளவு சின்ன முதுகை இப்படி அடிக்கிறோமே என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னும் பலமாக அடித்தேன்.

என் காலில் ஏதோ ஈரக் கட்டியாக விழுந்தது.

அதற்கடுத்து வந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. தனக்கான இருக்கையில் பட்டை கட்டி உட்கார்ந்திருந்த பணிப்பெண் எழுந்து ஓடிவந்தாள். பிள்ளை முகம் சிவந்து, மூக்கு ஒழுக, கைகால் விறைத்து அழுதான். நான் பழக்கத்தில் கிண்ணத்தைத் தேடினேன். அக்கா அதைத் தன் மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டார்.

"போதும்ளா."

"காதுக்கா…"

"காது கெடக்கட்டும். அழட்டும். அழுதா மூச்சு வருதுன்னு அர்த்தம்."

பணிப்பெண்ணும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். அழுதாலும் காது திறக்கும், அடக்க வேண்டாம். நான் அவனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அழவிட்டேன். திரையைப் பார்க்கவில்லை. சக்கரம் தரையில் மோதியபோது அக்கா, "முருகா" என்றார். பிள்ளை அழுகையை நிறுத்தி, ஒரு பெரிய மூச்சு விட்டுத் தூங்கிப்போனான்.

ஒரு பயம் முடிந்ததும் விட்டுவைத்திருந்த பழைய பயம் திரும்பி வந்தது. தூங்குகிறவனின் வலது காது ஈரமாக இருந்தது. கைக்குட்டையின் முனையால் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அழுத கண்ணீர் வழிந்து காதில் இறங்கியிருக்கலாம். அப்பாவுக்கு முதலில் தண்ணீர்தான் வந்தது, பிறகுதான் ரத்தம். எனக்கு அது தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குடியேற்ற வரிசையில் அவன் விழித்துக்கொண்டான். ஏரல் அக்காவை வேறு வரிசைக்கு அனுப்பினார்கள். போகும்போது, "இனிப் பட்டினி போடாத, கேட்டியா?" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பிள்ளையின் வலது காதருகே விரலைச் சொடுக்கினேன். அவன் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி சொடுக்கினேன். பின்னால் யாருடைய பெட்டியோ தடாலென்று சாய்ந்தது. வரிசை முழுக்கத் திரும்பியது. அவன் திரும்பவில்லை. விளக்கையே பார்த்தான்.

வெளியே கணவர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றார். "இவன் காது கேக்குதான்னு பாருங்க," என்றேன். ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்த மனிதருக்கு அதுதான் வரவேற்பு. அவர் குனிந்து, "ஏலே," என்று மெதுவாகக் கூப்பிட்டார். பிள்ளை அவரைப் பார்த்து அழுதான். குரலைக் கேட்டு அழுதானா, தாடியைப் பார்த்து அழுதானா? அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது.

கைப்பேசி அடித்தது. அப்பா. பிள்ளைக்கு இடப்புறம் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"ஏளா! இறங்கியாச்சா?"

காது மந்தமானவர்களுக்கே உரிய கத்தல். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் திரும்பினார்கள். பிள்ளையும் திரும்பினான், இடப்பக்கம். தினமும் தொட்டிலருகே கேட்கிற குரல். கண்கள் பெரிதாயின. நான் ஒன்றும் சொல்லாமல் அவன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கைப்பேசியை வலது பக்கத்துக்கு மாற்றினேன்.

"ஏளா, என்ன சத்தத்தையே காணோம்? அங்கன ஆளு இருக்கா இல்லயா?"

பிள்ளை இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் இருந்த இடத்தில் என் வெறும் தோள் இருந்தது.

"அவனக் கூப்பிடுங்கப்பா," என்றேன்.

"என்னது?"

"பிள்ளையக் கூப்பிடுங்க!"

"ஏலே! ஏ மாப்ள!"

அவன் தலை மெதுவாக அசைந்தது. என் முகத்தைக் கடந்து, வலப்பக்கம் வந்தது. கைப்பேசியைக் கண்டான். இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்து அதன் மூலையை வாயில் வைத்துக்கொண்டான்.

"திரும்புதானா?" அப்பாவின் குரல் அவன் எச்சிலுக்குள்ளிருந்து வந்தது.

"திரும்பிட்டான்ப்பா."

"எந்தக் காது?"

"ரெண்டும்."

"என்னளா சொல்லுத? ஒண்ணும் கேக்கல."

பதற்றத்தில் அவர் போனைக் கேட்காத காதில் வைத்திருந்தார். "அந்தக் காதுக்கு மாத்துங்கப்பா! ரெண்டு காதும்! ரெண்டும் கேக்குது!" நான் கத்தியதில் தேநீர்க்காரர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பக்கம் போன் காது மாறும் உரசல் கேட்டது. பிறகு, "அப்பச் சரி. கூழக் கீழக் கரைச்சிக் குடு, பாவம் பசிக்கும்லா. கருப்பட்டி பையில இருக்கு," என்று வைத்துவிட்டார்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கணவர் சுடுதண்ணீர் வாங்கி வந்தார். கூழை இந்தத் தடவை தண்ணீராகக் கரைத்தேன், கட்டி இருக்கிறதா என்று கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். பிறகு கரண்டியை அவன் வாய்க்குக் கொண்டுபோனேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. கணவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் குடுக்கட்டா?" என்றார். அவருக்கு இதற்கு முன் பிள்ளைக்கு ஊட்டிப் பழக்கமில்லை. எனக்கோ அந்தக் கரண்டியை யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை.

நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை எட்டி என் விரலோடு சேர்த்துக் கரண்டியைப் பிடித்தான். தானே இழுத்தான். பாதி தாடையில் வழிந்தது, பாதி வாய்க்குள் போனது. கண்ணை மூடித் திறந்து இன்னொன்றுக்கு வாயைத் திறந்தான்.

காதைப் பற்றிய ஞாபகமே எனக்கு இல்லை. அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி, இறங்கி, அடுத்த மூச்சு வந்த பிறகுதான் கரண்டியை மறுபடி கிண்ணத்தில் விட்டேன்.